சனி எந்தத் தேதியில் நகர்ந்தான்?

2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 29-ந் தேதி சனிபகவான் கும்ப ராசியை விட்டு மீன ராசிக்குப் பிரயாணம் ஆகிவிட்டார் என்று ஒரு கூட்டம் ஜோசியர்கள் சொன்னார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளில் அதற்கென்று ராசிபலன் புத்தகங்கள் அடுக்கிவைத்து விற்கப்பட்டன. ஆனால் சனிக்கென்றே பேர்போன திருநள்ளாறு கோவில் நிர்வாகத்தாரோ, அன்றைக்குப் பெயர்ச்சியே கிடையாது, எங்கள் கோவில் வாக்கியப் பஞ்சாங்கத்தை அனுசரிப்பது, அதன்படி பெயர்ச்சி 2026-ல் தான் என்று தெரிவித்துவிட்டார்கள். இதற்கு முந்திய பெயர்ச்சியும் இப்படித்தான். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரருக்கு சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17-ந் தேதி. வாக்கியப் பஞ்சாங்கக்காரருக்கு அதே வருஷம் டிசம்பர் 20-ந் தேதி. அதாவது, பதினோரு மாத காலம் ஒரே சனி இரண்டு வீட்டில் குடியிருந்தான் என்று அர்த்தம்.

ஒரு மனிதன் ஒரே சமயத்தில் திருவல்லிக்கேணியிலும் தியாகராய நகரிலும் குடியிருக்கிறேன் என்று ரேஷன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் அவர் இரண்டு கார்டு கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். ஆனால் ஒரு கிரகம் அப்படிச் செய்ததாகச் சொன்னால், இரண்டு தேதியிலும் எள்விளக்குப் போட நமது ஜனங்கள் தயாராயிருக்கின்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்கிறார்கள். இந்த "எதற்கும் இருக்கட்டும்" என்கிற இரண்டு வார்த்தையில்தான் ஜோசியர் குடும்பத்தின் ஜீவனமே அடங்கியிருக்கின்றது.

இதை நாம் கேலிக்காக எழுதவில்லை. இந்தப் பதினோரு மாத வித்தியாசம் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்லவே எழுதுகின்றோம்.

மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கின்றார். நமது கூட்டங்களுக்கெல்லாம் வருகிறவர், நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவர், கூலி வாங்கமாட்டார். ஆனால் வீட்டுக்குள் அவர் தாயார் ராஜ்யம். அந்த அம்மாளைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. சிறு வயதில் புருஷனை இழந்து இட்டிலி விற்றுப் பிள்ளையை ஆளாக்கினவர். 2023 மாசி மாதத்தில் அவரது மருமகளுக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. வலி இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது 38 வயது. கையில் பட்ட அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. புருஷனிடம் சொல்ல நாலு நாள், மாமியாரிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம். மாமியார் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. ஜோசியரிடம் அழைத்துப் போனார்.

ஜோசியர் வாக்கியப் பஞ்சாங்கக்காரர். பெண்ணுக்கு மிதுன ராசி. மகரம் அதற்கு எட்டாமிடம். சனி இன்னும் மகரத்தில்தான் இருக்கிறான், அஷ்டமத்துச் சனி நடக்கிறது, டிசம்பர் 20 வரையில் உடம்பில் கத்தி படக்கூடாது, பட்டால் உயிருக்கு நிச்சயம் ஆபத்து, பெயர்ச்சி ஆனதும் கட்டி தானே கரைந்தாலும் கரைந்துவிடும் என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் செய்யவேண்டிய பரிகாரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகின்றோம். அதே தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த திருக்கணிதக்காரரிடம் அந்த அம்மாள் போயிருந்தால், "அம்மா, உன் மருமகளுக்கு அஷ்டமத்துச் சனி ஜனவரி 17-ந் தேதியே விட்டுவிட்டது, தாராளமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார். ஒரு பெண்ணின் மார்பில் கத்தி படலாமா கூடாதா என்பது, அவள் மாமியார் எந்த வீட்டு வாசற்படியை முதலில் மிதித்தாள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது!

ஆடி மாதத்தில் ஒரு நாள் நோட்டீஸ் புரூப் வாங்கப் போனபோது நண்பர் முகம் சரியாயில்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை அண்ணே, வீட்டில் கொஞ்சம் உடம்பு சரியில்லை, டிசம்பரில் சரியாகிவிடும்" என்றார். உடம்பு டிசம்பரில் சரியாகும் என்பது நமக்கு விளங்கவில்லை. மெல்ல மெல்ல விசாரித்ததில் சங்கதி வெளியே வந்தது. பகுத்தறிவுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டே ஐந்து மாதம் சனிக்காகக் காத்திருந்திருக்கிறார்! நமக்கு வந்த கோபத்தில் என்ன பேசினோம் என்று இப்போது ஞாபகமில்லை. அவர் பதில் மட்டும் ஞாபகமிருக்கிறது. "அண்ணே, எனக்குச் சனிமேல் நம்பிக்கை இல்லை. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். ஜோசியராவது தேதி சொன்னார்."

அந்த வாக்கியத்தை நாம் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு. நாம் இத்தனை வருஷமாக மேடையில் நின்று, சனி என்பது சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு கிரகம், மனிதன் 1997-ல் அனுப்பிய காசினி என்கிற விண்கலம் 2004-ல் அங்கே போய்ச் சேர்ந்து பதின்மூன்று வருஷம் அதைச் சுற்றிப் படம் பிடித்து, 2017 செப்டம்பரில் அதற்குள்ளேயே விழுந்து முடிந்தது என்றெல்லாம் பேசியிருக்கின்றோம். கைதட்டினார்கள். நண்பரும் கைதட்டியவர்தான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது சனியைப் பற்றிய சமாசாரமல்ல. "என்ன ஆகுமென்று தெரியாது" என்கிற நிலைமையில் ஒரு மனிதன் எப்படித் தூங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்பதுதான். அதை நாம் எந்த மேடையிலும் பேசினதில்லை. இது நம்முடைய குறை என்று ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நிற்க. ஜோசியர் விற்கும் சரக்குதான் என்ன? நல்ல காலம் விற்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. முக்கால்வாசிப் பேருக்கு அவர் கெட்ட காலத்தைத்தான் சொல்லுகின்றார். கணக்குப் பாருங்கள்: ஏழரைச் சனி என்பது எப்போதும் மூன்று ராசிக்காரருக்கு நடந்துகொண்டேயிருக்கும். அஷ்டமத்துச் சனி ஒரு ராசிக்கு, அர்த்தாஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, கண்டகச் சனி ஒரு ராசிக்கு. ஆக, பன்னிரண்டில் ஆறு ராசி. எந்தக் காலத்தில் எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும் ஜனங்களில் பாதிப்பேர் சனியின் பிடியில் இருந்தே தீரவேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கின்றார்கள். இதைவிட நல்ல வியாபாரம் வேறென்ன உண்டு? ஆனாலும் ஜனங்கள் காசு கொடுப்பது கெட்ட காலத்துக்காக அல்ல. அது இன்ன தேதியில் முடியும் என்கிற நிச்சயத்துக்காகத்தான். பொய்யான நிச்சயமானாலும் சரி, மெய்யான "தெரியாது" என்பதைவிட அது இனிப்பாயிருக்கின்றது.

இந்த இடத்தில் நுங்கம்பாக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கின்றது. 1792-ல் அங்கே ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டப்பட்டது. அதன் ஞாபகமாக ஒரு கருங்கல் தூண் இன்றும் நிற்கின்றது. அந்த நிலையத்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் உத்தியோகம் பார்த்தார். 1867-ல் வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9-ந் தேதி சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போவதைப்பற்றி நம் ஜனங்களுக்கு விளங்கும்படி தேசபாஷைகளிலும் சிறு புத்தகம் போட்டார். அவர் நம்மைப்போல் பஞ்சாங்கத்தை அடுப்பில் போடு என்று சொன்னவரல்ல. பழைய வாய்பாட்டின்படி கணக்குப் போட்டால் கிரகம் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதில்லை, ஆதலால் தூரதர்சினியில் பார்த்ததை வைத்துக் கணக்கைத் திருத்துங்கள் என்றுதான் சொன்னார். 1880-ல் அவர் இறந்துபோனார். இன்றைக்கும், திருத்தமாட்டோம், எங்கள் வாக்கியமே வாக்கியம் என்று ஒரு பாதி சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றப் பாதியோ திருத்திக்கொண்டது. ஆனால் திருத்திய கணக்கை வைத்துக்கொண்டு பழைய பயத்தையே விற்கின்றது. வானத்தைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள், மனிதர் வாழ்க்கையைப் பார்த்துப் பலனைச் சரிசெய்தார்களா என்று கேட்கின்றோம். ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு ஜனங்களைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ராசிக்கு அறுபது லட்சம் பேர். அந்த அறுபது லட்சம் பேருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுவலியா?

அதே நுங்கம்பாக்கத்து இடத்தில் இன்று வானிலை ஆபீசு இருக்கின்றது. அவர்கள் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "மழை பெய்யக்கூடும்." "சில இடங்களில் கனத்த மழைக்கு வாய்ப்பு." புயல் வரும் பாதையைப் படம் போட்டால் ஒரே கோடாகப் போடமாட்டார்கள், நாள் ஆக ஆக அகன்றுகொண்டே போகும் விசிறிபோல் போடுவார்கள். அந்த அகலம்தான், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும், இதற்குமேல் தெரியாது என்கிற வாக்குமூலம். 2024 அக்டோபர் 16-ந் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரிப் பாலத்தின்மேல் ஜனங்கள் மோட்டார் வண்டிகளை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் சற்று வடக்கே விலகி அடுத்த நாள் கரை கடந்தது. எதிர்பார்த்த மழை நகரத்துக்கு வரவில்லை. உடனே வானிலை ஆபீசுக்கு எத்தனை கேலி! "கூடும்" என்று யோக்கியமாகச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கின்றோம். "நிச்சயம்" என்று பொய் சொன்னவனுக்கு வெற்றிலை பாக்குடன் தட்சணை வைக்கின்றோம். 2015 டிசம்பர் 1-ந் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தபோது எந்த ஜோசியராவது தன் வீட்டுச் சாமான்களை முந்திய நாளே மாடிக்கு ஏற்றினாரா? வெள்ளம் வடிந்து சேறு காய்ந்த பிறகு, பஞ்சாங்கத்தில் அன்றே எழுதியிருந்தது என்று மட்டும் சொல்ல வந்துவிட்டார்கள்.

தியாகராய நகரில் நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, தன் வீட்டுக்குள் வருஷந்தோறும் தண்ணீர் வருவது வாஸ்துக் குற்றம் என்று சொல்லி வாசற்படியை இடித்துத் திருப்பி வைத்தார். தியாகராய நகரே ஏரி என்பது அவருக்குத் தெரியாது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் மனைபோட்டு எழுப்பிய ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கின்றது. தண்ணீருக்கு வாசற்படி எந்தத் திசை என்று தெரியாது. பள்ளம் எது என்றுதான் தெரியும். அடுத்த மழையில் வாசற்படி திரும்பியிருந்தும் தண்ணீர் வழி தவறவில்லை. இன்னொரு வேடிக்கை. அந்த ஊரின் பேர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேர். பூங்கா பானகல் அரசர் பேர். பஜார் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்த சௌந்தரபாண்டியனார் பேர். ஆனால் அட்சய திருதியை அன்று அந்தப் பேர்ப் பலகைகளுக்குக் கீழேதான், இன்று குந்துமணித் தங்கமாவது வாங்காவிட்டால் வருஷமெல்லாம் வறுமை வந்துவிடும் என்று பயந்து கடன் வாங்கிக்கொண்டு வந்த ஜனங்கள் வரிசையில் நிற்கின்றார்கள்.

பயப்படுவதே முட்டாள்தனம் என்று நாம் சொல்லவரவில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் சுமத்திராவுக்குப் பக்கத்தில் நமது நேரம் ஆறரை மணி சுமாருக்குக் கடலடியில் பூமி அசைந்தது. அலை சென்னைக் கரைக்கு வந்துசேர இரண்டு மணிக்கு மேற்பட்ட நேரம் ஆயிற்று. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு டிசம்பர் 30-ந் தேதி மறுபடியும் அலை வருகிறதென்று அரசாங்கமே சொல்ல, வராத அலைக்கு ஜனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அறியாமையால் செத்ததும் அந்த வாரம். அறிகுறையால் ஓடினதும் அந்த வாரம். இந்த இரண்டுக்கும் மருந்து கடலம்மாளுக்குப் பூஜை அல்ல. 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. 2012 ஏப்ரல் 11-ந் தேதி மறுபடி சுமத்திராப் பக்கம் பெரிய பூகம்பம் ஆனபோது சிலமணி நேரம் எச்சரிக்கை இருந்தது, பெரிய அலை வரவில்லை, எச்சரிக்கையை வாங்கிக்கொண்டார்கள். அன்று கரையை விட்டு ஏறி வந்து ரோட்டில் குந்தியிருந்த கிழவர் ஒருவர் நம்மிடம், "வந்தாலும் வரும், வராட்டியும் வராது தம்பி, மேட்டுல குந்தினா என்ன நஷ்டம்?" என்றார். தெரியாத சங்கதியோடு எப்படி வாழ்வது என்பதை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு வேறு வழியில்லை.

அடையாற்றுக்காரர்களுக்கு இன்னொரு சங்கதியும் ஞாபகமிருக்கலாம். 1909-ல் அந்தக் கடற்கரையில்தான் பிரம்மஞான சங்கத்தார் ஒரு பையனைப் பொறுக்கி எடுத்து, இவனே வரப்போகும் ஜகத்குரு என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். இருபது வருஷம் அவனுக்கென்று ஒரு சங்கம், சொத்து, ஆயிரக்கணக்கில் சிஷ்யர்கள். 1929 ஆகஸ்டு 3-ந் தேதி ஆலந்து தேசத்தில் அந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியே எழுந்து நின்று, சங்கத்தைக் கலைக்கிறேன், எனக்குச் சிஷ்யர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய பிற்காலப் பேச்சுகளில் பாதி நமக்கு விளங்குவதில்லை. விளங்கும் பாதியிலும் எல்லாம் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் ஜகத்குருப் பட்டத்தை வேண்டாமென்று உதறினது சின்னக் காரியமல்ல. பரிதாபம் என்னவென்றால், குருவே வேண்டாமென்று சொன்னவர் காலடியிலேயே போய் உட்கார்ந்து, நீங்களாவது நிச்சயமாகச் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள் அநேகர். நமது இயக்கத்துத் தோழர்களிலும் சிலர் இப்படித்தான். ஜோசியரை விட்டுவிட்டுத் தலைவர்களிடம் வருகின்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில் வேண்டும் என்கின்றார்கள். எல்லாம் தெரிந்தவர்போல் பதில் சொல்லுகிறவர்களும் நம்மில் இல்லாமலில்லை.

நண்பர் மனைவியின் சங்கதிக்கு வருவோம். ஆடி மாதத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாமியாரும் வந்தார். டாக்டர் ஒரு பெண். அவரிடம் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இது அதுதானா?" என்பது. நோயின் பேரைச் சொல்லக்கூட அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை. டாக்டர், "இப்போது தெரியாது அம்மா, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தால் தெரியும்" என்றார். பரிசோதனையில் அதுதான் என்று தெரிந்தது. பிறகு, பிழைப்பாளா என்று கேள்வி. "நிச்சயமாகச் சொல்ல முடியாது. முன்னாலேயே வந்திருந்தால் வைத்தியம் சுலபம். இப்போதும் செய்ய நிறைய இருக்கிறது" என்றார். மாமியார் வெளியே வந்து, "இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை தம்பி, எதைக் கேட்டாலும் தெரியாது தெரியாது என்கிறாள்" என்று நம்மிடம் அழுதார்.

"தெரியாது" என்று சொல்ல அந்த டாக்டருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த அம்மாளுக்கு அப்போது எப்படி விளக்குவது? அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் திறக்கப்பட்டபோது அதில் பன்னிரண்டு படுக்கைதான். அதை முயன்று ஏற்படுத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று சட்டசபையில் போராடி, சாஸ்திரம் போச்சு என்று கூச்சல் போட்டவர்களைச் சமாளித்த அதே அம்மையார்தான். தன் தங்கை இந்த நோயால் துன்பப்பட்டுச் சாவதைக் கண்ணால் பார்த்தவர். புற்றுநோய் வந்தவன் எப்படியும் சாகப்போகிறான், அவனுக்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் அன்று உண்டு. அவர்களுக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரியும்! சாவு நிச்சயம், செலவு வீண். அந்த நிச்சயத்தை ஒப்புக்கொள்ளாமல், பார்ப்போமே என்று சொன்னவர்களாலேதான் அங்கே படுக்கைகள் பெருகின. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் காலமாகும் வரை அந்த வேலையை விடவில்லை. நூறு பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணி, எண்ணினதை எழுதிவைத்து, குறைவாயிருந்தால் மருந்தை மாற்றி மறுபடி எண்ணுகின்றார்கள். எண்ணிப் பார்த்தவர்களால்தான் நிச்சயம் என்று சொல்ல முடியாது. தன்னிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று எந்த ஜோசியராவது கணக்குப் புத்தகம் வைத்திருக்கின்றாரா? வைத்திருந்தால் கொண்டுவரட்டும், இந்தப் பத்திரிகையிலேயே அச்சிடச் சொல்லி நாம் சிபாரிசு செய்கின்றோம்.

கத்தி பட்டது. ஆவணி மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. வாக்கியப்படி அஷ்டமத்துச் சனி உச்சத்தில் இருந்த காலம். பிறகு மருந்து ஏற்றினார்கள், கரண்டும் வைத்தார்கள். தலைமயிர் கொட்டிற்று. டிசம்பர் 20-ந் தேதி சனி பெயர்ந்த அன்று அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பெயர்ச்சியால் ஒன்றும் ஆகவில்லை. பெயர்ச்சிக்கு முன் கத்தி பட்டதாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கைநழுவிப்போன அந்த ஐந்து மாதத்தில் கட்டி எவ்வளவு வளர்ந்தது, எங்கெங்கே பரவத் தொடங்கியது என்பதை யாராலும் இப்போது சொல்ல முடியாது. அது அவள் உடம்புக்குள்தான் இருக்கிறது, அல்லது இல்லை.

இப்பொழுது அவள் வேலைக்குப் போகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் முந்திய இரவு தூக்கம் வருவதில்லை என்றும், பழைய நாளில் வராமலிருந்தது வேறு, இப்போது வராமலிருப்பது வேறு என்றும் நம்மிடம் சொன்னாள். அப்போது நோய் இருக்குமோ என்று பயந்து மறைந்து கிடந்தாளாம். இப்போது, இருந்தால் நாளைக்கே தெரிந்துவிடும், தெரிந்தால் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு விழித்திருக்கிறாளாம். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. மாமியார் மட்டும், "இனிமேல் வராது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அந்த டாக்டர்?" என்று இன்னமும் கேட்கிறார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில் தினசரி காலண்டர் தொங்கிற்று. அதில் அடுத்த மாதத்துத் தாளைப் புரட்டி, ஒரு வெள்ளிக்கிழமையின்மேல் அந்தப் பெண் பென்சிலால் நேரம் எழுதி வைத்திருந்தாள். காலை பத்தே முக்கால். அதற்குக் கீழேயே ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று அச்சடித்திருந்தது. நாம் விரலால் அதைக் காட்டினோம். "அந்த நேரத்தில் கூட்டம் குறைவாம் அண்ணே, சீக்கிரம் பார்த்துவிடுவார்கள்" என்றாள்.